பாரிஸ் ஒப்பந்தமும் பெரட்டுக் களமும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது கிளைகளில் ஒன்றின் சங்கக் கட்டடத்தில் இளைஞர்கள் இருபது பேர் வரை கூடினர். பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்துக் கல்லூரிகளிலும் தொழிற்சாலைகளிலும் இருப்பவர்கள். மீதிப்பேர் இன்னும் லயத்திலேயே குடியிருக்கும் பிள்ளைகள். அவர்களில் இருவர் தாமே மரம் வெட்டுபவர்கள். அன்று அவர்கள் பேச எடுத்துக்கொண்ட விஷயம், உலகம் சூடாகி வருவதும், அதைப் பற்றி நாடுகள் கூடிச் செய்துகொண்டுள்ள ஒப்பந்தங்களும், அவற்றில் நம் போன்றவர்க்கு உள்ள பங்கும் ஆகும்.

கூட்டம் பாதி நடக்கும்போது கிளைக் கமிட்டியின் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்துவிட்டார். "தம்பிகளா, நீங்கள் ஆகாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள். எனக்கு விடிந்தால் பெரட்டு" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள்.

அதன் பிறகு நமக்குக் கடிதங்கள் வந்தன. சம்பளத்துக்கும் வீட்டுக்கும் போராடக் கட்டிய கட்டடத்தை இதற்கெல்லாம் திறந்துவிடலாமா என்று ஒன்று கேட்கிறது. இளைஞர்கள் சங்கத்தை எட்டிப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்ட காலத்தில், வந்தவர்களை முகம் சுளித்து அனுப்பலாமா என்று இன்னொன்று கேட்கிறது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஆகையால் நமது அபிப்பிராயத்தை இங்கே எழுதுவது கடமை என்று கருதுகிறோம்.

எழுந்து போன பெரியவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. காடு அழிகிறது, காடு அழிகிறது என்று உலகம் பேசும்போது, தோட்டத் தொழிலாளியின் காதில் அது ஒரு குற்றச்சாட்டைப் போல விழுகிறது. இந்த நாட்டில் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய சில ரப்பர் நாற்றுகளிலிருந்து இலட்சக்கணக்கான ஏக்கர் பால்காடு எப்படி உண்டாயிற்று? காட்டை வெட்டிச் சாய்த்து, எரித்து, குழி தோண்டி, நட்டது யார் கை? நம் பாட்டன் பாட்டி கை. ஆனால் வெட்டு என்ற உத்தரவு அவர்களுடையது அல்ல. வந்த இலாபமும் அவர்களுடையது அல்ல. மலைக்காய்ச்சலில் செத்தவர்களின் புதைகுழி மட்டுமே அவர்களுடையதாக இருந்தது. இந்த வரலாறு தெரியாமல் ஒருவர் நம்மிடம் வந்து, "மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று பாடம் சொன்னால் கோபம் வராதா? வரும். ஆனால் அன்று கூடிய பிள்ளைகள் இந்த வரலாறு தெரியாதவர்கள் அல்லர். அவர்களுடைய பாட்டிமார்தாமே அந்தக் குழிகளை வெட்டினார்கள்!

அன்று ஒரு பெண் எழுந்து சொன்ன செய்தி நம்மை வெட்கப்பட வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஐக்கிய நாட்டு சபை கூட்டிய பூமி மாநாட்டைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நம் நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது பாதியைக் காடாகவே வைத்திருப்போம் என்று மலேசியா வாக்குறுதி தந்தது அங்கேதான். பன்னிரண்டு வயதுக் கனடியச் சிறுமி செவர்ன் சுசுக்கி பெரிய தலைவர்கள் முன்னால் பேசியதும் அங்கேதான். அந்த மாநாட்டில் நிறைவேறிய 'அஜெண்டா 21' என்ற செயல் திட்டத்தில் நாற்பது அத்தியாயங்கள் உண்டு. இருபத்தைந்தாவது அத்தியாயம் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் உரியது. அவர்களைக் கலந்துகொள்ளாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்கிறது. இதை அந்தப் பெண் சொல்லிவிட்டு, "இருபத்தொன்பதாவது அத்தியாயம் யாருக்கு என்று தெரியுமா, ஐயா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டாள். நமக்குத் தெரியவில்லை. அது தொழிலாளர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உரிய அத்தியாயமாம்! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் பெயரில் ஓர் அத்தியாயம் உலக தஸ்தாவேஜில் இருக்கிறது. சங்கத்தில் உத்தியோகம் பார்க்கும் நாம் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

2015ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் கதையும் இப்படித்தான். பூமியின் வெப்பம் தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட இரண்டு டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிற்க வேண்டும், கூடுமானால் ஒன்றரை டிகிரியோடு நிற்க வேண்டும் என்பது அதன் குறி. இது பலருக்குத் தெரியும். அதன் முகவுரையில், தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றமும் கண்ணியமான வேலையும் வேண்டும் என்று ஒரு வரி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வரி வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்காவில் எண்ணெய், ரசாயன, அணுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான டோனி மசோக்கி, நஞ்சு கக்கும் தொழில்களை மூடத்தான் வேண்டுமென்றால் அங்கே உழைத்தவர்களின் சம்பளத்துக்கும் படிப்புக்கும் வழி செய்துவிட்டு மூடுங்கள் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே முழங்கினார். அவருக்குப் பின் வந்த சங்கங்கள் விடாமல் பேசிப் பேசி அதைப் பாரிஸ் வரை கொண்டு சேர்த்தன.

நியாயமான மாற்றம் என்ற சொல்லைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பும் துயரமும் சேர்ந்தே வருகின்றன. ஏனெனில் நம் தொழிலில் மாற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1960ஆம் ஆண்டில் இந்நாட்டில் செம்பனை ஏறக்குறைய ஐம்பத்தைந்தாயிரம் ஹெக்டரில்தான் இருந்தது. இன்று ஐம்பது லட்சம் ஹெக்டருக்கு மேல். ஒரு காலத்தில் இருபது லட்சம் ஹெக்டரைத் தொட்ட ரப்பர் இன்று அதில் பாதி அளவுக்குச் சுருங்கிவிட்டது. பால்காடு செம்பனையாயிற்று. செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று, கோல்ப் மைதானமாயிற்று. நூறாண்டு உழைத்த குடும்பங்கள் கையில் சிறு தொகையோடு பட்டணத்தின் ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளில் போய் ஒண்டின. அந்த மாற்றத்துக்கு முகவுரையும் இல்லை, அத்தியாயமும் இல்லை. யாரும் மாநாடு கூட்டவில்லை. அடுத்த மாற்றம் வரும்போதும் நாம் அப்படியே நிற்கப்போகிறோமா? இளைஞர்கள் கேட்கும் கேள்வி இதுதான். இது ஆகாயத்தைப் பற்றிய கேள்வி அல்ல.

அடுத்த மாற்றம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஐரோப்பிய ஐக்கியம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெய், ரப்பர், மரம், காப்பி, கொக்கோ, சோயா, மாட்டிறைச்சி முதலியவற்றைத் தன் சந்தையில் அனுமதிப்பதில்லை என்கிறது அச்சட்டம். பொருள் எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்று வரைபடக் குறியோடு காட்ட வேண்டும். 2024 இறுதியில் அமலுக்கு வந்திருக்க வேண்டியது, எதிர்ப்பின் காரணமாகத் தள்ளிப்போயிற்று. "வெள்ளைக்காரன் நம் தொழிலைக் கெடுக்கப் போட்ட சட்டம்" என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. தன் காட்டையெல்லாம் முன்பே தின்று தீர்த்தவன், இன்று நமக்கு உபதேசம் செய்கிறான் என்ற கசப்பு நமக்கும் இருக்கிறது. மூன்று நான்கு ஏக்கர் வைத்துக்கொண்டு தானே வெட்டிப் பிழைக்கும் சிறு தோட்டக்காரன் வரைபடத்துக்கும் தஸ்தாவேஜுக்கும் எங்கே போவான் என்ற கவலையும் நியாயமானதே.

ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்த இளைஞர் ஒருவர் இன்னொரு விஷயத்தையும் எடுத்துக் காட்டினார். காடழியாமல் இருந்தால் மட்டும் போதாது. அந்தந்த நாட்டின் சட்டப்படி விளைவித்திருக்க வேண்டும், தொழிலாளர் உரிமையும் அதில் சேர்த்தி என்று எழுதியிருக்கிறார்கள். இதைச் சாமானியமாக எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டில் நம் நாட்டின் கையுறைத் தொழிலில் பெரிய நிறுவனம் ஒன்றின் சரக்கை, கட்டாய உழைப்பு என்ற காரணம் காட்டி அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்து நிறுத்தியது. ஆளெடுப்புக் கட்டணம் என்று அயல்நாட்டுத் தொழிலாளர் கடன்பட்டுக் கட்டிய பணம் திருப்பித் தரப்பட்டு, மற்றக் குறைகளும் சீர் செய்யப்பட்ட பிறகே, 2021இல் தடை விலகியது. அந்தக் கையுறை எதில் செய்தது? நம் மரத்துப் பால் போன்ற பாலிலும், செயற்கை ரப்பரிலும்தான். வெளிநாட்டுச் சட்டம் நமக்கு எஜமானாகவும் வேண்டாம், எதிரியாகவும் வேண்டாம். நம் மேசையில் கிடக்கும் இன்னோர் ஆயுதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதே நமது கருத்து. நிர்வாகங்கள் அந்தச் சட்டத்துக்காகப் பத்திரங்களைத் தயார் செய்துகொண்டிருக்கும் இந்த வேளையில், "தொழிலாளர் உரிமை" என்ற கட்டத்தில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

இனி மருந்து விஷயத்துக்கு வருவோம். இதை எழுத நமக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

புல் சாக அடிக்கும் பாராகுவாட் என்ற மருந்து 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. விரைவிலேயே நம் தோட்டங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. உள்ளே போனால் நுரையீரலைச் சுட்டுவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சுவீடன் 1983இலும், சுவிட்சர்லாந்து 1989இலும் அதை விலக்கிவிட்டன. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு தடை அறிவித்தார்கள். அதே ஆண்டு தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் இரத்தம் வருவதும், தோல் வெடிப்பதும் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? ஆனால் 2006இல் தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலால் தடையைத் தளர்த்திவிட்டார்கள். முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாள்தான் வந்தது. 2002க்கும் 2020க்கும் இடையே எத்தனை ஆயிரம் டாங்கி மருந்து எத்தனை பெண்களின் முதுகில் ஏறியிருக்கும்!

அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியில் நாம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக உட்கார்ந்திருந்தோம். மருந்தடிக்கும் பெண் காலையில் பெரட்டுக்கு வராவிட்டால் செக்ரோலில் 'ஆப்செண்ட்' என்று எழுதுவோம். ஏன் வரவில்லை என்று எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாவிட்டால் என்ன, ஓரத்தில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஓர் அம்மாள், நமக்கு அத்தை முறை, தொடர்ந்து நான்கு நாள் வராமல் ஐந்தாம் நாள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "கண்ணு, கண்ணெல்லாம் எரியுது, வேற காட்டு வேலை போடச் சொல்லேன்" என்றார். மண்டோரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டோம். நான்கு நாள் சம்பளம் அவருக்குப் போயிற்று. கணக்கு சரியாக இருந்தது. அந்தச் செக்ரோலை யாராவது ஒரு நாள் ஆராய்ச்சிக்கு எடுத்துப் பார்த்தால், நம் கையெழுத்தில் இருக்கும் அந்த 'ஆ' என்ற எழுத்துகள், சோம்பேறித்தனத்துக்குச் சாட்சி சொல்லுமே தவிர நோவுக்குச் சாட்சி சொல்லாது.

ஆகவே கிராணிமார்களுக்குச் சொல்கிறோம். சுற்றுச்சூழல் என்பது நமக்குத் தொலைவில் உள்ள விஷயம் அல்ல. அது நம் பேனா முனையில் இருக்கிறது. தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், தோல் வெடிப்பு என்று யார் எந்தத் தேதியில் எந்த மருந்து அடித்த மறுநாள் வரவில்லை என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு மருந்து போய்விட்டது, உண்மை. அதற்குப் பதில் வந்த மருந்துகள் பால்பாயசம் அல்ல. இன்று பல தோட்டங்களில் அடிக்கும் கிளைபோசேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வகையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2015இல் சேர்த்தது. அப்படியல்ல என்று மறுக்கும் அரசாங்கங்களும் உண்டு. வழக்கு தீரட்டும். அதுவரை முகமூடியும் கையுறையும் பூட்சும் கொடுக்காமல் ஒரு டாங்கி கூட முதுகில் ஏறக்கூடாது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டப்படி, நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி வைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 2024 ஜூன் மாதம் அமலுக்கு வந்த திருத்தப்படி, உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. இந்தத் திருத்தத்தை நம் கிளைகளில் எத்தனை பேர் வாசித்துக் காட்டியிருக்கிறோம்? பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறதா, கூடுகிறதா, கூடினால் நம் பிரதிநிதி வாய் திறக்கிறாரா, அல்லது மீ கோரேங் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாரா?

அமெரிக்காவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள், சீசர் சாவேஸ் தலைமையில் ஐந்தாண்டு போராடி, 1970இல் முதலாளிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் டி.டி.டி. மருந்தை அடிக்கக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அமெரிக்க அரசாங்கம் டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். சர்க்காருக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் சங்கம் போயிற்று! நமக்கும் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சம்பளப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், மருந்தைப் பற்றி ஒரு ஷரத்து, குடிதண்ணீரைப் பற்றி ஒரு ஷரத்து என்று ஏன் கேட்கக்கூடாது?

தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய தொழிலாளர்கள் ரப்பர் ஸ்டோருக்குக் கீழே ஓடிய ஆற்றை மறந்திருக்க மாட்டார்கள். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும், அமோனியாவும், மிஞ்சிய பால்நீரும் சேர்ந்து அழுகி, ஒரு கல் தூரத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஸ்டோர்களுக்கும் கழிவுநீர் விதிகள் வந்த பிறகுதான் அந்த ஆறுகளில் பலவற்றில் மறுபடி மீன் தென்பட்டது. சட்டம் போட்டால் ஆறு திரும்பும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சட்டம் உறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரவோடிரவாகக் கொட்டிய ரசாயனக் கழிவினால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன.

அன்றையக் கூட்டத்தில் இளைஞர்கள் கடைசியாகக் கேட்ட ஒன்றுதான் நம்மை உட்கார வைத்து யோசிக்கச் செய்தது. "ஆபீசில் இருக்கும் மழைக்கணக்குப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா?" என்றார்கள்.

தோட்டத்து ஆபீஸ் முற்றத்தில் மழைமானி ஒன்று இருக்கும். தினமும் காலையில் கிராணியோ ஆபீஸ் பையனோ போய், அதில் விழுந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதுவது வழக்கம். நமக்கு அது ஒரு சள்ளை பிடித்த வேலை. பழைய புத்தகங்களில் அங்குலக் கணக்கு, பிறகு மில்லிமீட்டர். செல்லரித்த அந்தப் புத்தகங்களில் நாற்பது ஐம்பது ஆண்டு மழை தூங்குகிறது. பிள்ளைகள் கேட்ட காரணம் இது. மரம் வெட்டுகிறவனுக்கு மழை எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதே முக்கியம். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் மங்கிலிருக்கும் பால் கழுவிக்கொண்டு போய்விடும். விடியலுக்கு முன் மரத்தில் பால் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே விடியற்காலை மழை ஒரு நாள் கூலிக்குச் சமம், மாலை மழையால் அவ்வளவு கேடில்லை. காலை மழை முன்னைவிடக் கூடியிருக்கிறதா, மழை பருவம் தவறுகிறதா, வெட்டு இழந்த நாட்கள் ஆண்டுக்கு எத்தனை என்று, மழைப் புத்தகத்தையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கெடுக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அவர்களில் கணக்கு படித்தவர்கள் உண்டு.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை என்று பாருங்கள்! மழை நாளைப் பற்றி நிர்வாகத்திடம் பேசப் போகும்போதெல்லாம் நாம் "இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்று சொல்வோம். "போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள்" என்று துரை சிரிப்பார். நம்மிடம் எண் இருக்காது. இனி இருக்கலாம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆயிற்று. அது ஓர் அடித்தளம். ஆனால் பால் எடைக்கும் ஒட்டுப்பாலுக்கும் மேலாகக் கிடைக்கும் வரும்படியை நம்பித்தான் பிள்ளையின் பள்ளி பஸ் காசும், மளிகைக் கடைக் கடனும் இருக்கின்றன. அதை மழை அடித்துக்கொண்டு போகிறது. 2017 முதல் நம் நாட்டுப் பால்காடுகளில் பரவிவரும் இலையுதிர் நோய் வேறு பாலைக் குறைத்துவிட்டது. புகைமூட்ட நாட்களின் கதை தனி. 1997, 2005, 2013, 2015, 2019 என்று ஆண்டுகளை எண்ணிக்கொள்ளலாம். பள்ளிகளை மூடுவார்கள், பெரட்டை மூடியதாக நமக்கு நினைவில்லை. வானத்தில் நடப்பது கூலியில் இப்படித்தான் இறங்குகிறது. இதை நம்மைவிடத் தெளிவாகக் கண்டவர்கள் அந்தப் பிள்ளைகள்.

அவர்களிடமும் நமக்குக் குறை உண்டு. கூட்டத்தில் பேச்சு பாதி ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டு வரிக்கு ஒரு தரம் வந்த சில சொற்கள் வாசலில் நின்ற மரம் வெட்டும் அம்மாமார்களுக்கு விளங்கவில்லை. தமிழில் சொல்ல முடியாததை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம், தம்பி தங்கைகளே. அடுத்து, சுற்றுச்சூழல் நாள் என்று ஒரு நாள் பத்து மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகும் பழக்கம் நமக்கு உகந்ததல்ல. நம் ஜனங்கள் நட்ட மரத்துக்கு நாட்டில் பஞ்சமில்லை! மூன்றாவதுதான் பெரிய குறை. இன்று நம் பால்காடுகளிலும் செம்பனைக் காடுகளிலும் முதுகில் டாங்கி கட்டி நடப்பவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் எத்தனை பேர்! அன்றையக் கூட்டத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை. மருந்துக்குப் பாஸ்போர்ட் தெரியாது.

2018 ஆகஸ்டில் பதினைந்து வயதுச் சுவீடன் பெண் கிரேட்டா துன்பர்க், பள்ளிக்குப் போகாமல் நாடாளுமன்ற வாசலில் தனியாக உட்கார்ந்ததை 'ஸ்டிரைக்' என்று இளைஞர்கள் பெருமையாகச் சொன்னார்கள். பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தோழர் ஒருவர், "ஒருத்தி உட்கார்ந்தால் அது சத்தியாகிரகம், எல்லாரும் உட்கார்ந்தால்தான் ஸ்டிரைக்" என்று திருத்தினார். பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள் என்பதையும் அவருக்குச் சொன்னோம். அடுத்த ஆண்டு உலகெங்கும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். நம் நாட்டிலிருந்தும் 2015 முதல் இளைஞர் பேராளர் குழு ஒன்று ஐக்கிய நாட்டு சபையின் பருவநிலை மாநாடுகளுக்குப் போய் வருகிறது. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதானவருக்கு ஓட்டுரிமையும் வந்துவிட்டது. ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வரும் வேட்பாளரிடம், கார்பன் என்ன ஆயிற்று என்று கேட்பதோடு, எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்களா என்றும் கேட்கக்கூடிய ஓட்டுகள் இவை. 2050க்குள் கரிவாயு நிகரச் சூனியம் என்பது நம் அரசாங்கத்தின் இலக்கு. அந்த ஆண்டில் இந்தப் பிள்ளைகளுக்கு நாற்பத்தைந்து ஐம்பது வயது இருக்கும். நாமோ, ஆயுசு இருந்தால், பென்ஷன் இல்லாத கிழவர்கள்.

எனவே சங்கக் கட்டடத்தை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே நமது முடிவு. விளக்குச் செலவைக் கிளை ஏற்றுக்கொள்ளலாம். கைம்மாறாக அவர்கள் மழைக் கணக்கை எடுத்து, தமிழிலும் மலாயிலும் எழுதிக் கிளையிடம் கொடுக்க வேண்டும். எழுந்து போன பெரியவரை நாம் இரண்டு வாரத்துக்குப் பின் பால் நிறுக்கும் கொட்டகையில் பார்த்தோம். கோபம் இல்லை. "அந்தப் பிள்ளைகள் மழைப் புத்தகம் கேட்டார்களாமே, தொண்ணூத்தேழாம் வருஷம் புகை அடைச்சப்ப எத்தனை நாள் வெட்டு நின்னுச்சுன்னு அதுல இருக்குமா?" என்று விசாரித்தார். அந்த வருஷம் அவர் மகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். புத்தகம் மழையைத்தான் சொல்லும், புகையைச் சொல்லாது. ஆனால் வெட்டு நின்ற நாட்கள் செக்ரோலில் இருக்க வேண்டும், தேடிச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

கிளைக் காரியதரிசிகளுக்கும் கிராணி அங்கத்தினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து மழைப் புத்தகம் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, எந்தெந்த ஆண்டுகள் விட்டுப்போயிருக்கின்றன என்று ஒரு கடுதாசியில் எழுதி, மாத முடிவுக்குள் நமக்கு அனுப்புங்கள். புத்தகத்தை ஆபீசை விட்டு எடுத்துவர வேண்டாம். நிர்வாகத்திடம் முறைப்படி அனுமதி கேட்டு அங்கேயே பார்த்து எழுதுங்கள். மறுத்தால் மறுத்ததாகவும், மறுத்த தேதியையும் எழுதுங்கள். பழைய புத்தகங்களைக் கரையானுக்கும் பழைய கடுதாசி வியாபாரிக்கும் போட்டுவிட்ட தோட்டங்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் தெரிவியுங்கள். இளைஞர்களின் அடுத்த கூட்டம் சம்பளம் போட்ட மறு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. வங்காளதேசத் தோழர்கள் தங்கியிருக்கும் கொங்சி வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் பொறுப்பை, மரம் வெட்டும் அந்த இரண்டு தம்பிகளும் ஏற்றிருக்கிறார்கள்.